ராஜா-பத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

மார்ச் 4, திங்கள்

இன்று அக்காவிடம் சொல்லாதது: நான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் கம்பெனி, காசு கட்டிச் சீட்டாடும் ஆப் நடத்துகிறது.

சொன்னது: "தமிழ்ல எழுதிக் குடுக்கிற வேலைக்கா. கட்டுரை, அறிவிப்பு, அந்த மாதிரி." இதில் பொய் ஒன்றும் இல்லை. அக்கா கேசரி கிண்டினாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிற்பாடு மறந்ததுபோல் நடிக்கக் கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன். அத்தான் கோமதிநாயகம் ஒன்றரை வருஷம் போனில் போக்கர் ஆடினார். நவம்பரில் அக்காவுக்குத் தெரிந்தபோது அவள் கம்மல்கூட வீட்டில் இல்லை. செண்பகம் அக்கா கத்துகிறவள் இல்லை. மகள் தாமிராவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாள். "இன்னொரு தடவ ஆடுனியன்னா நான் பிள்ளையக் கூட்டிட்டு அம்பைக்கு அம்மாட்ட போயிருவேன். பெறவு கூப்பிட வராதிய." அத்தான் அவள் கண் முன்னாலேயே ஆப்பை அழித்தார். நான்கு மாதமாகிறது. ஆலையிலிருந்து வந்ததும் போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தாமிராவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார். அக்கா மறுபடி பாட்டு முணுமுணுக்கிறாள்.

சென்னையில் இவர்கள் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். எம்.ஏ. முடித்து எட்டு மாதம் சும்மா இருந்த பிறகு கிடைத்த வேலை. அத்தான் ஆடியது வேறு ஏதாவது ஆப்பாக இருக்கும்.

மார்ச் 12, செவ்வாய்

ஒரு வாரமாகப் போக்கர் படிக்கிறேன். பெருங்குடியில் நான்காவது மாடி. ஏசி குளிரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பிரிவின் தலைவி நிரஞ்சனா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். மேடம் என்று கூப்பிடக் கூடாதாம்.

ஆளுக்கு இரண்டே சீட்டு; அதற்குப் பெயர் கை. அதை யாருக்கும் காட்டாமல் பந்தயம் கட்ட வேண்டும். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு திறக்கும். அப்புறம் ஒன்று, கடைசியாக இன்னொன்று. இரண்டு ஏஸ் வந்தால் முட்டாளுக்குக்கூட என்ன செய்வதென்று தெரியும். ஏழும் இரண்டும் வந்தால் கவிழ்த்து வைத்துவிட்டு விலகிவிட வேண்டியதுதான். சிக்கல், இடையில் இருப்பவற்றில். ராஜாவும் பத்தும். ராணியும் ஜாக்கியும். ஏஸும் எட்டும்.

எனக்குக் கொடுத்திருக்கும் முதல் கட்டுரை: 'நடுத்தரக் கையை ஆடுவது எப்படி?'

மார்ச் 14, வியாழன்

இரண்டு நாள் யோசித்ததில் ஒன்று புரிந்தது. நடுத்தரக் கை அடியோடு தோற்கும்போது சேதம் குறைவு. பாதி ஜெயிக்கும்போதுதான் அது ஆளைக் கவிழ்க்கிறது. கையில் ராஜா-பத்து. நடுவில் ஒரு ராஜா திறக்கிறது. ஆகா, ஜோடி சேர்ந்துவிட்டது என்று இறங்குகிறோம். எதிரே ஒருவன் ராஜாவோடு ஏஸ் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறான். அவனுக்கும் அதே ஜோடிதான், ஆனால் துணைச்சீட்டு பெரியது. நாம் கட்டக் கட்ட அவனும் கட்டுகிறான்.

எல்லாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. முதலில் பேச வேண்டியவன் ஒன்றும் தெரியாமல் பேசுகிறான். கடைசியில் பேசுகிறவன் மற்ற எல்லோரும் செய்ததைப் பார்த்துவிட்டுப் பேசுகிறான். அதனால் இப்படி எழுதினேன்: "ராஜா-பத்து வந்து, முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால், கவிழ்த்துவிடுங்கள். யோசிக்க வேண்டாம். கடைசி இடத்தில் இருந்து, முன்னால் யாரும் பந்தயத்தை ஏற்றவில்லை என்றால் மட்டும் ஆடுங்கள்."

இலக்கணம் மாதிரி இருக்கிறது இந்த ஆட்டம். பிடித்திருக்கிறது. இதை எழுதும்போது அத்தான் ஞாபகம் வரவில்லை என்று சொல்ல முடியாது. இப்படி யாராவது அவருக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம்.

மிக்ஸி ஜார் பிளேடு கழன்றுவிட்டது. நாளைக்கு வேளச்சேரியில் மாற்ற வேண்டும்.

மார்ச் 18, திங்கள்

நிரஞ்சனா கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். அவர் மேசைக்குப் போனேன்.

"சூப்பரா எழுதறீங்க உலகு. ஆனா படிச்சு முடிச்சா எனக்கே ஆடத் தோணல."

"அந்த இடத்துல ஆட வேண்டாம்னுதானே சொல்லணும்?"

"வேண்டாம்கிற வார்த்தைய நம்ம ஆப்ல எங்கயாவது பாத்தீங்களா?" சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. பந்தயத்துல நமக்குப் பங்கு எப்ப வருது சொல்லுங்க?"

"நடுவுல மூணு சீட்டு திறந்தப்புறம்."

"திறக்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் கவுத்துட்டா?"

"ஒண்ணும் வராது."

"அவ்ளோதான். ஏஸ் ஜோடி வந்தா அவன் எப்படியும் ஆடுவான். ஏழு-ரெண்டு வந்தா எப்படியும் கவுப்பான். நம்ம சம்பளம் நடுவுல இருக்கற கைலதான்பா இருக்கு."

என் பத்தியை எடுத்துவிட்டு அவரே ஒரு வரி போட்டிருந்தார்: "நடுத்தர கை கிடைக்கும் பட்சத்தில் அதனை ஒரு அரிய வாய்ப்பாக கருதி முயற்சி செய்து பார்க்கவும்."

கிடைக்கும் பட்சத்தில். அரிய வாய்ப்பாக. வங்கிக் கடன் விண்ணப்பத்தில்கூட இப்படி எழுத மாட்டார்கள். உள்ளே எரிந்தது. அந்த வரியோடு என் கட்டுரை வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று நினைத்தேன். குறைந்தது படிக்கிற மாதிரியாவது இருக்கட்டும்.

அம்பையில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவராக இருந்தாலும் சரி, கொடுத்ததைக் கேட்டுச் சண்டைபோட வந்தவராக இருந்தாலும் சரி. தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அம்மா என்ன விஷயம் என்று கேட்க மாட்டாள். அதை வைத்து எழுதினேன்:

"ராஜா-பத்து வாசலில் வந்து நின்றால் உடனே கதவைச் சாத்தாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீராவது கொடுத்து, என்ன விஷயம் என்று கேட்டு அனுப்புங்கள்."

டம்ளர் தண்ணீர் என்பது அந்த முதல் சிறு பந்தயம். நிரஞ்சனா இரண்டு முறை படித்தார். "எப்படிப்பா இதெல்லாம் தோணுது உங்களுக்கு?" என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

கட்டுரை வெளியானது. பெயர் போடவில்லை. நல்லதாய்ப் போயிற்று. நான்கு தடவை படித்தேன்.

மார்ச் 27, புதன்

கூட்டத்தில் நிரஞ்சனா திரையில் ஒரு படம் காட்டினார். என் டம்ளர் தண்ணீர் வரியைத் தனியாக எடுத்துப் போன்களுக்குச் செய்தியாக அனுப்பியிருக்கிறார்கள். பழைய செய்திகளுக்கு நூற்றுக்கு நான்கு பேர் திரும்பி வந்தார்களாம். இதற்குப் பதினொரு பேர். எல்லோரும் கை தட்டினார்கள். சமோசா வந்தது.

'திரும்பி வந்தார்கள்' என்றால் எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. நான்கு குடம் கீழேயிருந்து தூக்கினேன். தாமிரா ஒன்பதாம் வாய்ப்பாட்டில் எட்டொன்பது வந்தால் நின்றுவிடுகிறாள். அத்தான் சொல்லிக்கொடுக்கும்போது இன்று போன் சட்டைப்பையில் இருந்தது.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலை பதினொரு மணி. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர், வாரம் ஒருமுறை வருகிறவர்தான். அக்கா "வேண்டாம்னு சொல்லி அனுப்புங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

அத்தான் சோபாவிலிருந்து எழுந்தபடி சொன்னார்: "யாரு, ராஜா-பத்தா? ஒரு டம்ளர் தண்ணியாவது குடுத்து அனுப்புவோம்."

அக்கா எட்டிப் பார்த்தாள். "ராஜா-பத்தா? அது யாரு?"

"சும்மா சொன்னேன்ளா."

"மிசின் விக்கிறவருக்கே தண்ணியா? நல்லாருக்கு." அக்கா சிரித்தாள். தாமிராவும் சேர்ந்து சிரித்தாள். அத்தான் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை.

கத்தி விரலில் பட்டுவிட்டது. அக்கா மஞ்சள் வைத்து, "எங்கட்டி பாத்துக்கிட்டு உரிக்கே?" என்றாள்.

ஏப்ரல் 8, திங்கள்

செய்தி அனுப்பிய பட்டியலைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ள பெண் சாப்பிடப் போனபோது அவள் கணினி திறந்திருந்தது. பட்டியலின் தலைப்பு: 'நூறு நாளுக்கு மேல் ஆடாதவர்கள்.' ஆப்பை அழித்தாலும் நம்பர் இவர்களிடம் இருக்கும். அத்தானின் நம்பர் எனக்கு மனப்பாடம். இருந்தது. பக்கத்துக் கட்டத்தில்: 'திரும்பினார், மார்ச் 23.'

விட்டுவிட்டவர்களைத் தேடித் தேடி அனுப்பியிருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு. அவர்கள் வாசலுக்குப் போய் நின்றது என் வரி.

நிரஞ்சனாவிடம் பழைய பத்தியைத் திரும்பப் போடச் சொன்னேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"அது தப்பான யோசனை. ராஜா-பத்த முதல் இடத்துல ஆடக் கூடாது. ஆட்டம் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

"தெரிஞ்சவங்க நம்ம கட்டுரைய ஏன் படிக்கப்போறாங்க?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உங்களை ஆறு மாசம் முடியறதுக்கு முன்னாடியே நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிருக்கேன் உலகு. ஒரு வரிக்காகக் கெடுத்துக்காதீங்க."

பேருந்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை. யார் மேலாவது இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போக வேண்டும்போல் இருந்தது. நாலு மாதம். அந்த மனுஷன் நாலு மாதம் பொறுத்திருக்கிறார். ஒரு வரியில் சறுக்கினாரே, அவ்வளவுதானா அவர்? நல்ல வாக்கியம் என்றால் உடனே நம்பிவிடுவதா?

ஏப்ரல் 10, புதன்

இன்று அக்காவிடம் சொல்லாதது: மார்ச் 23.

இன்று அத்தானிடம் சொல்லாதது: அதேதான்.

இரண்டு பேர் கையும் எனக்குத் தெரியும். என் கை அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் பேசும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவசரப்பட வேண்டியதில்லை. அவராகவே திரும்ப நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்திவிட்டால் யாரும் எங்கும் போக வேண்டியிருக்காது.

ஏப்ரல் 17, புதன்

நிறுத்தவில்லை. குளியலறையில் முக்கால் மணி நேரம். குழாய் திறந்த சத்தமே இல்லை. வெளியே வந்தவர் தலை காய்ந்திருந்தது.

அக்கா தாளித்துக்கொண்டே பாடினாள். வாயை மூடு என்று கத்தத் தோன்றியது. அவளிடம் ஏன் கோபம் வருகிறது என்று தெரியவில்லை. அடுப்படியை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

தாமிராவுக்கு மாலை நான்கிலிருந்து ஐந்துவரை பாட்டு வகுப்பு. வெள்ளிக்கிழமை கூட்டிவருவது அத்தான் பொறுப்பு. ஆறு பத்துக்கு டீச்சர் எனக்குப் போன் செய்தார். நான் ஆட்டோ பிடித்துப் போனேன். காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து தாமிரா தனக்குத் தானே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை. "எட்டொன்பது எழுபத்திரண்டு சித்தி, இப்ப வந்துட்டு" என்றாள்.

தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தபடி அத்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பிலிருந்து ஐம்பது அடி. நான் முன்னால் போய் நின்றேன். நிமிராமல் "ஒரே நிமிசம்" என்றார். யார் என்றுகூடப் பார்க்கவில்லை. திரையில் அவர் கை தெரிந்தது. ராணி, ஜாக்கி.

அத்தான் பின்னாலேயே வண்டியில் வந்தார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் சொன்னேன். "அக்கா, அத்தான் திரும்ப ஆடுதாவ. பிள்ளைய ஒரு மணி நேரம் தெருவுல விட்டுட்டு ஆடிட்டு இருந்தாவ. நான் என் கண்ணால பாத்தேன்." என் குரல் நடுங்கவேயில்லை. இவ்வளவு நாள் அடக்கிவைத்திருந்தது எல்லாம் ஒரே ஓட்டமாக வந்தது. வெட்கம் இல்லையா, நாலு மாதம் நடித்தீர்களா, பெற்ற பிள்ளையை விடவா இந்த இரண்டு சீட்டு என்றெல்லாம் கேட்டேன். மரியாதை விட்டுப் பேசினேன்.

அத்தான் வாசலில் நின்று என்னையே பார்த்தார்.

அக்கா அடுப்பை அணைத்தாள்.

"உனக்கு எப்பத்துலருந்து தெரியும்?" என்று என்னைக் கேட்டாள்.

"இன்னைக்குத்தான்" என்றேன்.

ஏப்ரல் 29, திங்கள்

பகல் ரயில். அக்காவையும் தாமிராவையும் தாம்பரத்தில் ஏற்றிவிட நானும் அத்தானும் போனோம். அக்கா அவரிடம் பேசவில்லை. என் கையைப் பிடித்து, "நீ ஒருத்தி உண்மையச் சொன்னியே, அது போதும்ட்டி" என்றாள். தாமிரா ஜன்னல் வழியாகக் கை ஆட்டிக்கொண்டே போனாள்.

ரயில் போன பிறகு அத்தான் நடைமேடைக் கடையில் இரண்டு காபி வாங்கினார். நான் வேண்டாம் என்றேன். அவர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"திட்டணும்னா திட்டு, கொழுந்தியா. அன்னைக்கு மிச்சம் வச்சிருந்தா."

"திட்டி என்ன ஆகப்போகுது? யாரோ ஏதோ எழுதி அனுப்புனா உடனே போய் ஆடிருவியளா?"

"யாரோ இல்லையே."

நான் அவரைப் பார்த்தேன்.

"மொத வரியிலயே தெரிஞ்சுட்டு. ராஜாவுக்கும் பத்துக்கும் தண்ணி குடுக்கிற வீடு ஊரு உலகத்துல உங்க வீடு ஒண்ணுதான். பொண்ணு பாக்க வந்தப்ப நானும் அந்தத் தண்ணிய குடிச்சவன்லா. மூணு டம்ளர். உங்க அம்மா விடல." சிரிக்கப் பார்த்தார். "அப்பத்தான் புரிஞ்சுது, நீ என்ன கம்பெனிக்குப் போறேன்னு."

"தெரிஞ்சும் அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"நீ சம்பளத்துக்கு எழுதுன. அதுல நான் என்னத்தச் சொல்ல?"

"வெள்ளிக்கிழமை நான் அவ்வளவு பேசினேனே. அப்பவாவது சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா அவளுக்கு ரெண்டு பேருமே இல்லாம ஆயிருவோமே." காபியைக் குடிக்காமல் குப்பைத்தொட்டியில் ஊற்றினார். "அந்த ஆப்காரன் எவ்வளவோ அனுப்புவான். நூறு ரூபா சும்மா தாரேன், இருநூறு தாரேன்னு. எல்லாத்தையும் அழிச்சுருவேன். இது நீ எழுதுனது. நம்ம உலகு படிச்ச புள்ள, பொய் சொல்லாதுன்னு நெனச்சேன். அதான் நம்புனேன்."

அவர் வண்டியில் நான் ஏறவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

காலை பத்து இருபதுக்குக் கட்டுரையைத் திறந்து, டம்ளர் தண்ணீர் வரியை எடுத்துவிட்டு இதைப் போட்டேன்: "நடுத்தரக் கை வந்தால் கவிழ்த்துவிடுங்கள். நீங்கள் கவிழ்த்தால் எங்களுக்கு ஒரு பைசா வராது. இதை எழுதியவள் பெயர் உலகம்மாள்."

பதினொரு மணிக்கு நிரஞ்சனா பார்த்தார். அவர் கத்தவில்லை. "இது நீங்க பண்ற வேலையே இல்லயே உலகு" என்றார். பதினொன்றரைக்கு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். லிஃப்டுக்காக நிற்கும்போது போனில் பார்த்தேன். டம்ளர் தண்ணீர் பழைய இடத்துக்கு வந்திருந்தது. ஒற்றுப்பிழை இல்லாமல், நான் எழுதியபடியே.

வேளச்சேரியில் ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் எடுத்திருக்கிறேன்.

மே 21, செவ்வாய்

அக்கா தினமும் போன் செய்கிறாள். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். நன்றாக இருக்கிறது என்கிறேன். "அத்தான் உன்ட்ட ஏதாவது பேசுனாவளா?" என்று கேட்கிறாள். இல்லை என்கிறேன். பிறகு, "என்னமோட்டி, உன் ஒருத்தியத்தான் நம்பிக் கெடக்கேன்" என்கிறாள். போனை வைத்ததும் சுவரில் அறைய வேண்டும்போல் வருகிறது. இன்று அறைந்தேன். பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து உட்கார்ந்து "பல்லியா?" என்றாள்.

கடைசியில் பேசுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று எழுதினேனே. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மற்ற இரண்டு பேரும் கட்டியதை எல்லாம் நான்தான் வாரிக்கொண்டு எழுந்திருக்கிறேன்.

ஜூன் 8, சனி

அம்பைக்குப் போனேன். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தாமிரா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும், "ஏட்டி, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கே? உள்ள வா, வெயில்ல வந்திருக்க, இரு, மொத தண்ணி கொண்டாரேன்" என்று அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

"அக்கா, நில்லு" என்றேன். நின்றாள்.

நின்றபடியே சொன்னேன். கம்பெனி பெயர், கட்டுரை, வரி, பட்டியல், மார்ச் 23, எனக்குத் தெரிந்த தேதி ஏப்ரல் 8, அத்தான் தாம்பரத்தில் சொன்னது. ஒன்றையும் விடவில்லை. வரியையும் அப்படியே சொன்னேன். தாமிராவின் ஈரப் பாவாடை அவள் தோளில் கிடந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் ரவிக்கையை நனைத்துக்கொண்டிருந்தது.

முடித்ததும் அக்கா அடுப்படிக்குள் போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே பானையின் மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டது. மறுபடி மூடும் சத்தம் கேட்டது.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வரவில்லை. நாலு இருபது பஸ்ஸில் திருநெல்வேலிக்குத் திரும்பினேன்.